மெயிலுக்கு ஒரு மினி லாரி!

வாடகை வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது புரியும். மினி லாரி வந்து நிற்கும். கட்டில், பீரோ, கிரைண்டர், துளசித் தொட்டி எல்லாம் ஏறும். புது வீட்டில் நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சுவோம். அது பொங்கி வரும்போதுதான், "சர்க்கரை டப்பா எங்கே?" என்று ஒரு குரல் கேட்கும். டப்பா பழைய வீட்டில், சமையலறைக் கதவுக்குப் பின்னால் யாரும் எட்டிப் பார்க்காத அலமாரியில், பத்திரமாக உட்கார்ந்திருக்கும்.

கம்ப்யூட்டர் மாற்றுவதும் அச்சு அசல் இதே சமாசாரம்தான். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது எங்கள் ஆபீஸ்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. பல வருஷம் முன்னாடியே சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆபீஸ் வழக்கப்படி, தேதி போன பிறகுதான் விழித்துக்கொண்டோம். திடீரென்று ஒரு நாள் மாடிப்படி முழுக்க அட்டைப் பெட்டிகள். என் மேஜைக்கு வந்தான் ஸிஸ்டம்ஸ் தம்பி. வயசு இருபத்தைந்து இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

"ஸார், பழைய மெஷினை எடுத்துட்டுப் போறேன். மெயில் பேக்கப் எடுத்தாச்சா?"

"அதெல்லாம் சர்வர்ல இருக்குமேப்பா" என்றேன், ஏதோ அந்த சர்வரை நானே பெற்று வளர்த்த மாதிரி.

"அப்படியா ஸார்? 2016-ல வந்த ஒரு மெயிலைக் காட்டுங்க பார்ப்போம்."

காட்டினேன். ஜம்மென்று திறந்தது. அவன் மவுஸை வாங்கி, அந்த மெயில் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று சுட்டிக் காட்டினான். மேலே 'ஆர்க்கைவ்' என்று போட்டிருந்தது. வலது க்ளிக் செய்து, அது எங்கே குடியிருக்கிறது என்று பார்த்தால் சி டிரைவ், டாகுமென்ட்ஸ், அவுட்லுக் ஃபைல்ஸ். அதாவது இந்தப் பழைய மெஷினின் வயிற்றுக்குள். சர்வருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நடந்தது இதுதான். பழைய அவுட்லுக் அவ்வப்போது, "பழைய மெயில்களையெல்லாம் ஆர்க்கைவ் செய்துவிடட்டுமா?" என்று கேட்கும். பெண் பார்க்கப் போன இடத்தில் எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற மாதிரி நானும் 'எஸ்' அமுக்கியிருக்கிறேன். அதுவும் சர்வரில் இருந்ததை எடுத்து டிஸ்க்கில் இருக்கும் ஒரு பி.எஸ்.டி. ஃபைலுக்குள் போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. பிரதி இல்லை, ஒரிஜினலையே. பி.எஃப். மாற்றிய கடிதம், முந்தைய கம்பெனி அனுப்பிய ரிலீவிங் லெட்டர், ஒரு சப்ளையர் 'இந்த ரேட்டுக்குச் சம்மதம்' என்று எழுதிக்கொடுத்து இன்று இல்லவே இல்லை என்று சாதிக்கிற மெயில் எல்லாமே அதற்குள். தம்பி அன்றைக்குக் கேட்காமல் போயிருந்தால் சாயந்திரத்துக்குள் ஃபார்மேட் ஆகியிருக்கும்.

அவன் வகுப்பே எடுத்துவிட்டான். "ஸார், அவுட்லுக் ரெண்டு விதமா ஃபைல் வெச்சிருக்கும். ஓ.எஸ்.டி.ன்னு ஒண்ணு, பி.எஸ்.டி.ன்னு ஒண்ணு. ஓ.எஸ்.டி. வெறும் நிழல். சர்வர்ல இருக்கறதோட நகல். அதைத் தூக்கிட்டுப் போய்ப் பிரயோஜனமில்லை, புது மெஷின்ல தானா மறுபடி உண்டாகும். பி.எஸ்.டி.தான் ஆளு. எல்லாரும் நிழலைக் காப்பி பண்ணிட்டு ஆளை விட்டுட்டு வந்துடுவாங்க."

ஆளைத் தூக்கி என் பென் டிரைவில் போடப் பார்த்தேன். டிரைவில் 30 ஜி.பி. காலி இடம். ஃபைல் 6 ஜி.பி.தான். ஏற மாட்டேன் என்கிறது! "ஃபைல் ரொம்பப் பெரிசு" என்று முறைக்கிறது. அதற்கும் தம்பியிடம் பதில் இருந்தது. பென் டிரைவ் எஃப்.ஏ.டி. 32 என்கிற பழைய முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் ஒரே ஃபைலாக எதையும் வாங்கிக்கொள்ளாதாம். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினான் (மாற்றினால் உள்ளே இருப்பது அழியும், ஜாக்கிரதை!), அவுட்லுக்கை மூடினான், பிறகு காப்பி. மூடாமல் காப்பி எடுத்தால் ஒன்று எடுக்கவிடாது, இல்லையென்றால் பாதியில் குழப்பும்.

அப்பாடா என்று புது மெஷினில் உட்கார்ந்தேன். மெயில் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் ஏதோ விருந்தாளி வீட்டில் படுத்த மாதிரி இருந்தது. கடைசியில் என் கையெழுத்து வரவில்லை. முன்பெல்லாம் இரண்டு எழுத்து அடித்தால் முழு விலாசமும் வந்து நிற்கும், அது வரவில்லை. வேண்டாத சுற்றறிக்கைகளைத் தானாக ஓரம் கட்டுகிற விதிகளில் பாதி வரவில்லை. யோசித்துப் பார்த்தால், வீடு மாற்றும்போது நாம் மூன்று விஷயங்களை நகர்த்துகிறோம்: சாமான், விலாசம், சாவி. மெயிலிலும் அதே மூன்று. கடிதங்கள் ஒன்று, செட்டிங்ஸ் ஒன்று, பாஸ்வேர்ட் ஒன்று. மூன்றும் மூன்று வேறு இடத்தில் குடியிருக்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றது தானாகக் கூட வராது.

கையெழுத்து இருப்பது சிக்னேச்சர்ஸ் என்ற தனி ஃபோல்டரில். அதுவும் ஆப்டேட்டா என்கிற மறைவான ஃபோல்டருக்குள்ளே. விண்டோஸ் அதைக் கண்ணுக்குக் காட்டாது. 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதை டிக் செய்தால்தான் தரிசனம். சர்க்கரை டப்பா இருக்கிற அலமாரி இதுதான்! மோஸில்லா தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்களுக்கும் மொத்தக் குடித்தனமும் இதே ஆப்டேட்டாவுக்குள் 'ப்ரொஃபைல்' என்ற ஒரே ஃபோல்டரில்தான். ஆனால் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஒரு ஃபோல்டரை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் மெயில், செட்டிங்ஸ், பாஸ்வேர்ட் மூன்றும் கூடவே வரும். பாஸ்வேர்டுக்கு மட்டும் உள்ளே இரண்டு ஃபைல்கள், ஒன்று பூட்டு, இன்னொன்று சாவி. ஒன்றை விட்டால் மற்றது தண்டம்.

செட்டிங்ஸ் என்று பார்த்தால் பெரிய ராணுவ ரகசியம் ஒன்றுமில்லை. உள்ளே வரும் சர்வர் பெயர், வெளியே போகும் சர்வர் பெயர், 993, 995, 587 என்று சில எண்கள். பஸ் ரூட் நம்பர் இல்லை, போர்ட் நம்பர். முன்பெல்லாம் இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டி வைப்போம். இப்போது பெரும்பாலும் மெயில் விலாசத்தை அடித்தாலே மென்பொருள் தானே கண்டுபிடித்துவிடுகிறது. தண்டர்பேர்டில் ஒரு க்யூ.ஆர். கட்டத்தைக் காட்டினால் செல்போன் அதைப் பார்த்தே அத்தனை செட்டிங்ஸையும் வாங்கிக்கொள்கிறது. பார்க்க மாயாஜாலம்தான். ஆனால் நகர்ந்தது விலாசம் மட்டும்தான், சாமான் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

சாவி விஷயத்தில்தான் இந்தக் காலத்து ஆசாமிகள் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய மென்பொருளில் பெயர், பாஸ்வேர்ட் இரண்டையும் போட்டால் போதும் என்றிருந்தது ஒரு காலம். தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் அந்தக் கதவை 2022 மே 30-ல் சாத்திவிட்டது. அந்த வருஷம் அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்டும் தன் ஆபீஸ் மெயிலில் அதே மாதிரி ஒவ்வொன்றாகச் சாத்த ஆரம்பித்தது. அதனால் பழைய செட்டிங்ஸை அட்சரம் பிசகாமல் கொண்டுவந்தாலும் 'பாஸ்வேர்ட் தப்பு' என்று திருப்பி அனுப்பும். தப்பு பாஸ்வேர்டில் இல்லை, நுழைகிற முறையில். இன்னொரு பக்கம், எங்கள் அக்கவுண்ட்ஸ் செக்ஷன் நண்பர் ஒருவர். கோடு நம்பர் காட்டுகிற ஆப் இருந்த செல்போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புது போன் வாங்கினார். ஸ்வீட் கூடக் கொடுத்தார். மறுநாள் புதுக் கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்தால் "உங்கள் போனில் வந்திருக்கும் எண்ணைச் சொல்லுங்கள்" என்கிறது. எந்தப் போனில்? மூன்று நாள் மனிதர் பேயறைந்த மாதிரி திரிந்தார்.

இதற்கென்றே கூகுள் எட்டு இலக்கமுள்ள பத்து எண்களை முன்கூட்டியே கொடுக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். அதைப் பிரிண்ட் எடுத்து ரேஷன் கார்டு, எல்.ஐ.சி. பாலிசி இருக்கிற ஃபைலில் வைக்க வேண்டும். மெயிலிலேயே சேமித்து வைக்கிற புத்திசாலிகளும் உண்டு. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறவர்கள்!

"சரி தம்பி, எல்லாமே சர்வரில் இருந்துவிட்டால் பேக்கப் எதற்கு?" என்று கேட்டேன்.

"டெலீட் பண்ணினா எல்லா இடத்துலயும் டெலீட் ஆகும் ஸார்" என்றான் சுருக்கமாக.

நியாயம்தான். ஆபீஸ், வீடு, செல்போன் மூன்றிலும் தெரிவது ஒரே கடிதம். ஒரு இடத்தில் கை தவறினால் மூன்று இடத்திலும் போச்சு. ஜிமெயிலின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அப்புறம் அதுவும் இல்லை. ஆகவே வருஷத்துக்கு ஒரு தடவையாவது மொத்தத்தையும் இறக்கித் தனி டிஸ்க்கில் வைப்பது நல்லது. கூகுளில் இதற்கு 'டேக்அவுட்' என்று பெயர். பார்சல் சாப்பாடு மாதிரி. 2013 டிசம்பரிலிருந்து ஜிமெயிலையும் கட்டித் தருகிறார்கள். எம்பாக்ஸ் என்ற ஃபைலாக வரும், தண்டர்பேர்ட் போன்றவற்றில் அதைப் பிரித்துப் படிக்கலாம்.

இதுவரை படித்துவிட்டு, "இவர் இவ்வளவு விவரமாகப் பேசுகிறாரே, பெரிய ஆள்தான்" என்று யாராவது நினைத்தால், மேலே படிக்கவும்.

2003-ல் எனக்குப் புனேயில் வேலை. அறையில் ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர், விண்டோஸ் எக்ஸ்பி, அவுட்லுக் எக்ஸ்பிரஸ். அப்பா கும்பகோணத்தில். ரிட்டயர் ஆன புதிது. தெருக்கோடி பிரவுசிங் சென்டரில், மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, அந்தப் பையனிடம் மெயில் அனுப்பக் கற்றுக்கொண்டார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். எல்லாமே பெரிய எழுத்தில்! படித்தால் யாரோ மாடியிலிருந்து கத்துகிற மாதிரியே இருக்கும். நேரில் ஐந்து வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். மெயிலில் பக்கம் பக்கமாக எழுதினார். மாமாவின் மூட்டு வலி, முனிசிபாலிடி தண்ணீர், நான் எப்போது கல்யாணத்துக்குச் சம்மதிப்பேன் என்று எல்லாம். நானும் ஒன்றுக்கு ஒன்று பதில் எழுதினேன். போனில் பேச முடியாததையெல்லாம்கூட எழுதினேன் என்று ஞாபகம்.

2007-ல் அந்தக் கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினேன். அப்போதே நான் கெட்டிக்காரன். "பேக்கப் எடுக்கணும்" என்று தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சி.டி. எழுதினேன். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனி டி.பி.எக்ஸ். ஃபைல். இன்பாக்ஸுக்கு ஒன்று, அனுப்பியவைக்கு ஒன்று. நான் இன்பாக்ஸை எடுத்தேன். கடிதம் என்றால் நமக்கு வந்ததுதானே! கூடவே கணக்கு செட்டிங்ஸை ஐ.ஏ.எஃப். என்ற ஃபைலாக ஏற்றுமதி செய்து, அதையும் சி.டி.யில் போட்டு, மேலே மார்க்கர் பேனாவால் 'மெயில் - முக்கியம்' என்று எழுதினேன். அனுப்பிய கடிதங்கள் இருந்த ஃபைலைத் தொடவே இல்லை.

புதுக் கம்ப்யூட்டரில் அந்த ஃபைலை ஏற்றிப் பார்த்தேன். கடிதமே இல்லை, அல்லது வேறு ஏதோ நிரல் இந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது என்று சொல்லியது. சி.டி. கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டி மேஜை டிராயரில் எறிந்தேன். அதற்குள் பழைய கம்ப்யூட்டர் வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்போது சர்வர் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பீர்கள். அது பாப் காலம். பாப் என்பது 1984-ல் பிறந்த முறை. தபாலாபீஸ் கவுண்ட்டர் மாதிரி. உங்களுக்கு வந்த கடிதத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, 'வைத்திரு' என்று நீங்கள் தனியாகச் சொல்லவில்லையென்றால், தன்னிடம் இருப்பதைக் கிழித்துப்போட்டுவிடும். நீங்கள் அனுப்பிய கடிதத்தைப் பற்றி அதற்குக் கவலையே கிடையாது. அது உங்கள் மெஷினில் மட்டும்தான் இருக்கும். உலகத்திலேயே ஒரே பிரதி. கடிதங்களை ஆபீஸிலேயே வைத்துக்கொண்டு, நாம் எங்கிருந்து வந்தாலும் காட்டுகிற ஐமேப் என்ற முறையை ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் என்பவர் 1986-லேயே செய்துவிட்டார். எனக்குத்தான் தெரியவில்லை.

அப்பா 2009-ல் போய்விட்டார். அவர் வைத்திருந்தது ஒரு இலவச மெயில் கணக்கு. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். பல மாதம் யாரும் எட்டிப் பார்க்காததால் துடைத்துவிட்டார்கள். நான் போய்த் தட்டியபோது அப்படி ஒரு கணக்கே இல்லை என்றது.

இந்தக் கதையை ஸிஸ்டம்ஸ் தம்பியிடம் டீக்கடையில் சொன்னேன். "சி.டி. இருக்கா ஸார்?" என்றான். டிராயரோடு மூன்று வீடு மாறியும் இருந்தது. புது மெஷின்களில் சி.டி. போடும் வாயே இல்லை. யாரிடமோ யு.எஸ்.பி.யில் மாட்டுகிற டிரைவ் ஒன்று இரவல் வாங்கி வந்தான். ஃபைலைக் காப்பி செய்து, அதன் ப்ராப்பர்ட்டீஸைப் பார்த்துச் சிரித்தான்.

"சி.டி. கெடலை ஸார். சி.டி.லேர்ந்து காப்பி பண்ணின ஃபைல் 'ரீட் ஒன்லி'ன்னு இருக்கும். அவுட்லுக் எக்ஸ்பிரஸுக்கு அது ஆகாது. இதோ இந்த டிக்கை அன்னைக்கே எடுத்திருந்தா திறந்திருக்கும்."

பதினெட்டு வருஷம். ஒரு டிக்!

அவுட்லுக் எக்ஸ்பிரஸ் இப்போது இல்லை. டி.பி.எக்ஸ். ஃபைலைப் பிரித்து ஒவ்வொரு கடிதத்தையும் தனித்தனியாக எடுத்துக் கொடுக்கிற சின்ன இலவச நிரல்கள் மட்டும் இருக்கின்றன. அதில் ஒன்றை ஓட்டினான். சாதாரண நோட்பேடில்கூடத் திறக்கக்கூடிய ஃபைல்களாக வந்து விழ ஆரம்பித்தன. அப்பா எழுதியது மட்டும் ஐம்பத்து மூன்று. அத்தனையும் பெரிய எழுத்தில்.

அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து வரிசையாகப் படித்தேன். டெலிபோனில் ஒரு பக்கம் பேசுவதை மட்டும் கேட்கிற மாதிரி இருந்தது. 'நீ சொன்னது சரிதான், நான் கோபித்துக்கொள்ளவில்லை' என்று ஒன்று. என்ன சொன்னேன்? 'அந்த ஜோக்கை உன் மாமாவிடம் சொன்னேன், அரை மணி நேரம் கழித்துச் சிரித்தான்' என்று இன்னொன்று. என்ன ஜோக்? 2006 ஆகஸ்டில் ஒன்று, இரண்டே வரி: 'நீ கேட்டதை உன் அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கும் சம்மதம். உன் இஷ்டப்படி செய்.'

எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அந்த மாதம் என்ன நடந்தது, வேலை மாறுவதா, வெளிநாடா, பெண் விஷயமா? எதைக் கேட்க அத்தனை தயங்கி, அப்பா மூலம் அம்மாவுக்குத் தூது விட்டேன்?

காலையில் அம்மாவிடம் போய், "2006-ல உன்கிட்ட ஏதோ சம்மதம் கேட்டேனாம், அப்பா சொல்லியிருக்கார். என்னன்னு ஞாபகம் இருக்காம்மா?" என்றேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ என்னைக்குடா என்னைக் கேட்டு ஒண்ணைச் செஞ்சிருக்கே?"